மூன்று பெட்டிகளும் ஒரு சிறுநீரகமும்

செப்டம்பர் 3, ஞாயிறு

ஆஸ்திரேலியாவில் இன்று தந்தையர் தினம். பிரிஸ்பேனிலிருந்து மகள் டாம்சின் கூப்பிட்டாள். "வாழ்த்துகள்ப்பா. பரிசு ஒண்ணும் வாங்கல. இந்த வருஷம் நீதான் எனக்குத் தரணும்." தேதி வந்துவிட்டதாம்: நவம்பர் பதினான்கு. என் இடது சிறுநீரகம் அவளுக்கு. ஐம்பத்தெட்டு வருடம் பீரும் மாட்டிறைச்சியும் பார்த்த உறுப்பு. டாக்டர் அதை "அருமை" என்றார். பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வாரத்தில் மூன்று நாள் அவள் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடக்கிறாள். என் மனைவி கிளெனிஸ் ஒன்றரை வருடமாக அவளோடு அங்கே. நான் இங்கே, மாடுகளோடு.

சிக்கல் இதுதான். வெட்டி எடுத்த பிறகு ஆறு வாரம் வண்டி ஓட்டக் கூடாது. எனக்கு அறுநூறு மாடு, ஒன்பது தொட்டி. ஒன்றுவிட்டு ஒரு நாள் நூற்று முப்பது கிலோமீட்டர் சுற்றி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நவம்பர் வெயிலில் ஒரு குழாய் அடைத்தால் இரண்டு நாள்தான் கெடு. மூன்றாம் நாள் பருந்துகள் வந்து சொல்லும்.

செப்டம்பர் 9, சனி

லாங்ரீச் ஊரில் பண்ணைக் கண்காட்சி. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று அளந்து போனுக்குச் சொல்லும் பெட்டிகளை விற்க, போன வருடம் இரண்டு கடை. இந்த வருடம் பதினொன்று. பளபளக்கும் பூட்ஸ் போட்ட ஒருவன் பிடித்துக்கொண்டான். "பொருட்களின் இணையம் சார். அஞ்சு வருஷத்துல இந்தச் சந்தை ரெண்டு மடங்காகும்."

"என் சந்தை ஒன்பது தொட்டிதான் தம்பி. அது அஞ்சு வருஷம் கழிச்சும் ஒன்பதுதான்."

பதினொரு பேரிடமும் கேட்டதில் ஒன்று புரிந்தது. பெட்டி எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் 'தளம்' என்கிறார்களே, அதில். பெட்டி அளந்ததை வாங்கி வைத்து, நமக்குக் காட்டுவது அதுதான். பெட்டி கெட்டால் ஓர் உதை விடலாம். தளத்தை எங்கே போய் உதைப்பது?

மூன்று பேரிடம் ஆளுக்கொரு பெட்டி சோதனைக்கு வாங்கிவந்தேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இரண்டு வாரத் தீர்ப்பு.

முதலாவது அழகு. பன்னிரண்டு வரைபடம், வண்ண வண்ணமாக. ஆனால் செல்போன் சிக்னல் வேண்டும். என் நிலத்தில் சிக்னல் வேண்டுமென்றால் வண்டிக் கூரைமேல் ஏறி நிற்க வேண்டும். தொட்டி ஏறாது.

இரண்டாவது செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிறது. பார்க்கச் சகிக்காது. ஒரு நாளைக்கு நாலு தடவை ஒரே ஒரு எண். நூறு என்றால் தொட்டி நிறைவு.

மூன்றாவதுக்கு நாமே சின்னச் சிக்னல் கோபுரம் நட வேண்டும். நட்டேன். மணிக்கொரு முறை சொல்கிறது, விலையும் குறைவு. இதுதான் என்று மனசு சொல்கிறது. (போன தடவை மனசு சொன்னபோது குதிரை வாங்கினேன். அதைப் பற்றி வேண்டாம்.)

அக்டோபர் 6, வெள்ளி

மூன்றாவதிடமிருந்து கடிதம். "மகிழ்ச்சியான செய்தி!" — ஒரு பெரிய கம்பெனி அவர்களை வாங்கிவிட்டதாம். மாதக் கடைசியோடு தளம் மூடல். பெட்டி நன்றாகவே இருக்கிறது. அளக்கிறது, சொல்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. கல்யாணமான புதிதில் கிளெனிஸ் இதையேதான் சொல்வாள்.

பக்கத்துப் பண்ணை பெவன் விழுந்து விழுந்து சிரித்தான். "வளர்ற சந்தைன்னா அதுதான்யா. சின்ன மீனைத் தின்னு பெருசு வளரும். நீ புழு."

அக்டோபர் 7, சனி

பார்க்கச் சகிக்காத இரண்டாவதே போதும். ஒன்பது தொட்டிக்கும் பெட்டி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

பெட்டிகள் வந்து மாட்டிப் பத்து நாள்.

ஆறாம் தொட்டி நான்கு நாளாக நூறு. நூறு, நூறு, நூறு. நானும் சுற்றுக்குப் போகாமல் வேலி கட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வண்டி வயர்லெஸ் ரேடியோவில் பெவன்: "யோவ் டாரல், உன் ஆறாம் தொட்டியில மாடெல்லாம் சுத்தி நின்னு கத்துது. என்னய்யா பண்றே?" ஓடிப்போன காளையைத் தேடி எல்லை தாண்டி வந்தவன் பார்த்திருக்கிறான்.

தொட்டி காலி. எண்பது பசு. கன்றுகள் படுத்துவிட்டன. பெட்டியைக் கழற்றினால், அதன் கண்ணுக்கு நேர் கீழே ஒரு பச்சைத் தவளை, குழாய்க்குள் குந்தி இருக்கிறது. பெட்டி அதன் முதுகை அளந்து, தண்ணீர் விளிம்புவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறது.

பெட்டியின் கண்ணை எதுவும் மறைக்காமலிருக்க, அதோடு ஒரு கம்பி வலை வந்தது. நகரத்துக்காரர்களின் நாசூக்கு என்று தூக்கி எறிந்துவிட்டு, மிஞ்சிய கருப்புக் குழாயை வெட்டி, பெட்டிக்கு உறையாக வேலிக் கம்பியால் நானே கட்டினேன். கட்டிவிட்டுப் போட்டோ எடுத்து கிளெனிஸுக்கு வேறு அனுப்பினேன். தவளைக்கு மாளிகை கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

தண்ணீர் வரும் குழாயின் அடைப்பை எடுத்தோம்; பெவன் தன் லாரித் தொட்டியிலிருந்த தண்ணீரையும் ஊற்றினான். ஒன்றும் சாகவில்லை. ஒன்றுகூட. எப்படி என்று தெரியல. நாளைக்குக் காலையில வந்திருந்தா — அத்தனையும் போயிருக்கும். போன்ல நூறுன்னு பாத்துட்டு மகராசன் மாதிரி உக்காந்திருந்தேனே. இதை நம்பி நான் எப்படிப் போய் ஆஸ்பத்திரியில படுப்பேன்? போகாம எப்படி இருப்பேன்?

அக்டோபர் 26, வியாழன்

அழகான முதலாவதிடமும் கேட்டுப் பார்த்தேன், தவளை வந்தால் உங்கள் தளம் என்ன செய்யும் என்று. படிவம் நிரப்பச் சொன்னது. "உங்கள் திருப்தியே எங்கள் இலக்கு" என்று பதில்.

இரண்டாவதைக் கூப்பிட்டேன். மூன்று முறை மணி அடித்ததும் ஒரு பெண், நரெல், எடுத்தாள். "தவளையா? இந்த மாசம் நீங்க நாலாவது ஆளு. வலையை என்ன பண்ணீங்க?" இருமிச் சமாளித்தேன். "சரி விடுங்க. மாடு குடிக்கிற தொட்டின்னா ஏறணும், இறங்கணும். அசையாம நின்னா அது பொய். மூணு தடவை ஒரே எண் வந்தா எச்சரிக்கை போகிற மாதிரி வைக்கிறேன்." பேசிக்கொண்டே வைத்தும் விட்டாள். இதற்கு எந்த வரைபடமும் ஈடில்லை.

ஆபரேஷன் விஷயத்தையும் சொன்னேன். கடைசியில் கேட்டாள்: "உங்களுக்கு மயக்க மருந்து குடுத்திருக்கும்போது யாருக்கு அனுப்பட்டும்?"

நவம்பர் 2, வியாழன்

ஒரு வாரமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் அடுத்தவன் தண்ணீர்க் கணக்கைக் கேட்பது அவன் படுக்கையறையை எட்டிப் பார்ப்பது மாதிரி. காட்டுவது அதைவிடக் கேவலம். 'சமாளிக்க முடியவில்லை' என்று எழுதி நெற்றியில் ஒட்டிக்கொள்வதற்குச் சமம்.

இன்று பெவன் டீ குடிக்க வந்தான். மென்று விழுங்கிச் சொன்னேன்.

"எவ்வளவு நாளா யோசிக்கிறே?"

"ஒரு வாரம்."

"மடையா. கிட்னியையே எடுத்துக் குடுக்கிறே. ஒரு பாஸ்வேர்டு குடுக்க முடியலையா?"

கொடுத்தேன். அவன் போன பிறகு டீ டம்ளர்களைக் கழுவும்போது நினைத்தேன். எத்தனை வருடமாக இவன் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்திருக்கிறான், நான் ஒன்றும் கேட்டதில்லை.

நவம்பர் 13, திங்கள்

பிரிஸ்பேன். ஒன்பது தொட்டியும் ஏறி இறங்குகின்றன, வலை போட்டு. நாளை காலை ஏழு மணி.

"பயமாப்பா?" என்றாள் டாம்சின்.

"மாட்டை நினைச்சுத்தான்."

"பொய்."

"பொய்தான்."

நவம்பர் 19, ஞாயிறு

சிரித்தால் தையல் இழுக்கிறது. அதனால் எல்லாரும் வேண்டுமென்றே சிரிக்க வைக்கிறார்கள்.

புதன்கிழமையே இரண்டாம் தொட்டியில் தண்ணீரைத் திறந்து அடைக்கும் மிதவை உடைந்து, எச்சரிக்கை போய், பெவன் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டானாம். எனக்கு இன்றுதான் தெரியும். என் போனை கிளெனிஸ் தன் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா? கட்டிலோட கிளம்பிப் போயிருப்பியா?"

போனைத் திருப்பிக் கொடு என்று கேட்கத் தோன்றவில்லை.

சுவரோரக் கம்பியைப் பிடித்து மெல்ல நடந்து டாம்சின் அறைக்குப் போனேன். நர்ஸ் அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் குடிச்ச கணக்கா? புதுக் கிட்னி நல்லா வேலை செய்யுது. ஒரு நாளைக்கு மூணு லிட்டர் உள்ள போகணும்." குடித்ததை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாமல், நான்கு வருடமாக ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர்தான் அவளுக்கு, தாகத்துக்கு ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தவள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது தடுப்பார்கள் என்பது போல எங்களைப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. குடித்தாள். நிறுத்தாமல், தொண்டை ஏறி இறங்க, கடைசிச் சொட்டு வரைக்கும்.

பிறகு டம்ளரை என்னிடம் நீட்டினாள். "இன்னொண்ணு ஊத்துப்பா."

ஊற்றினேன். கொஞ்சம் கீழேயும் சிந்தியது.