மார்ச் மாதத்து வண்டி

1975 ஏப்ரல் 3, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். காற்று அடங்கிக் கிடக்கிறது. ஈஸ்டருக்கு வாங்கிய மைதாவில் மீதி இருந்ததில் பூச்சி. வெயிலில் போட்டேன்.

பதினோரு மணி வாக்கில் தந்தி. மதுரை கார் ஏஜென்சியிலிருந்து. வண்டி தயார், உடனே வரவும். பதிவு செய்து ஆறு வருஷம். நம் முறை அடுத்த வருஷக் கடைசியில்தான் என்று போன மாதம்கூடச் சொன்னவர்கள். இவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகத்தைச் சுருக்கிக்கொண்டு தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ஆறு வருஷம் காக்க வைத்துவிட்டு இப்போது என்ன அவசரமாம்?

பதிவு செய்த அன்று இவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "வண்டி வரட்டும், நீயே ஓட்டு." வரவா போகிறது என்ற தைரியம். நான் மறக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

வந்துவிட்டது. சாம்பல் நிறம். இவரும் நம் உப்பு லாரி டிரைவர் சண்முகமும் போய்க் கொண்டுவந்தார்கள். தெருவே கூடிவிட்டது. உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். புது ரெக்சின் வாசனை. தலைவலி வந்தும் இறங்க மனமில்லை.

பக்கத்து வீட்டு லூர்து அண்ணாச்சி வந்தார். கப்பல் ஏஜென்டு ஆபீஸில் வேலை, பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார், அதனால் கார் விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். தோளில் துண்டோடு வண்டியைச் சுற்றி வந்துவிட்டு இவரிடம் சொன்னார்:

"தம்பி, இது மார்ச்சு வண்டிலா. கம்பெனியில ஸ்டிரைக் முடிஞ்சு, வருசக் கணக்க முடிக்கணும்னு ராவும் பகலுமா அடிச்சுத் தள்ளுனது. பாத்துக்கிடும்."

போய்விட்டார். அதோடு இவருடைய சோறு தண்ணி போயிற்று. உட்கார்ந்து குறைகளைத் தேட ஆரம்பித்தார். கிடைக்காமலா போகும்.

பின்னால் இடது கதவு: ஓங்கிச் சாத்தினால்தான் மூடும்.
முன்னால் சாமான் வைக்கிற பெட்டி: மூடியில் ஒரு திருகாணி இல்லை.
ஹாரன்: ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் தானே அடிக்கிறது.
பின் சீட்டுக்கு அடியில்: மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்று!

கடைசியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எந்த மனுஷன் அவசரத்தில் விட்டுப்போனானோ, மேஸ்திரியிடம் என்ன திட்டு வாங்கினானோ. இவர் சிரிக்கவில்லை.

தெருவில் நிறுத்தினால் பிள்ளைகள் கீறிவிடும். நம் உப்புக் கொட்டகைக்குக் கூரை உண்டு, பூட்டு உண்டு. மூட்டைகளை ஒதுக்கி அங்கேயே விட்டாயிற்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை முடிந்து சாமியார் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார். கொஞ்சம் ஹாரன் மேலும் மந்திரித்திருக்கலாம். துறைமுகம் வரை போய் வந்தோம், சண்முகம் ஓட்ட. இவர் வழி நெடுக என்ன சத்தம் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

மத்தியானம் வஞ்சிர மீன் குழம்பு. உப்பு கூடிவிட்டது. உப்பு வியாபாரி வீட்டில் இது சகஜம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இவர் மதுரைக்கு டிரங்க் கால் போட்டார். வாங்க ஆள் வரிசையில் நிற்கிறதாம். பிடிக்கவில்லையென்றால் இந்த மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுவரலாமாம். ஆனால் நம் பெயர் மறுபடி வரிசையின் கடைசியில். கடைசி என்றால் இன்னும் எத்தனை வருஷமோ. அதற்குள் எனக்குக் கண்ணாடி போட்டிருப்பார்கள், முட்டி வலி வந்திருக்கும், அப்புறம் எங்கே ஓட்ட.

சொன்னேன். இவர் பதில்:

"ஏளா, பாத்தியில நாள் நிக்காம வாருன உப்பு கணக்கா இது. பாக்கத்தான் வெள்ளை. கையில எடுத்தா பொடிப்பொடியா உதுரும்."

இவருக்கு உலகமே உப்புதான். எனக்கு நான் சுடுகிற முந்திரிக்கொத்து. கிறிஸ்துமஸ் நெருக்கடியில் உருண்டை கோணல்மாணலாகப் போகும், தின்ன நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாகு காய்ச்சுவதில் அவசரப்பட்டேனோ, அத்தனையும் நாசம். அவசரம் எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்க வேண்டாமா? கதவிலா, இஞ்சினிலா? இதைச் சொன்னதற்கு, காரையும் பலகாரத்தையும் ஒன்றாக்காதே என்கிறார். உப்பையும் காரையும் மட்டும் ஒன்றாக்கலாம் போலும்.

வண்டி பிடிக்கவில்லையா, நான் ஓட்டுவது பிடிக்கவில்லையா? கேட்கவில்லை. எல் போர்டு லைசென்ஸுக்கு மனு கொடுத்தேன்.

ஏப்ரல் 12, சனி

லைசென்ஸ் கிடைத்தது. இன்றைக்கே உப்பளத்துப் பாதையில் பழக்கம். ஆள் நடமாட்டம் குறைவு, வளைவு கிடையாது, இரண்டு பக்கமும் பாத்தி. சண்முகம் பக்கத்தில். புறப்பட்ட உடனே நின்றுவிட்டது. மறுபடி நின்றது. "கிளச்ச மெதுவா விடுங்கக்கா, கோழிக்குஞ்சு மேல கால் வச்ச மாதிரி" என்றான். அப்புறம் ஓடியது!

உப்பு வாருகிற பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காதில் விழுந்தது:

"ஏளா, பொம்பள ஓட்டுதா பாரு."

"ஓட்டட்டும். நீ ஓரமா நில்லு."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லவில்லை. தானாகக் கேட்கட்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஏஜென்சி மெக்கானிக் வந்தார். எண்ணெய் தடவிய தலை, சட்டைப்பையில் இரண்டு பேனா. கதவைக் கழற்றி மாட்டினார். திருகாணி போட்டார். ஹாரன் வயரைச் சரிசெய்தார். நான் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது.

இவர் நேராகவே கேட்டார், அவசர வண்டியா இல்லையா. ஆமாம், கடைசியில் பாகங்களை மாட்டுகிற இடத்தில் அவசரம்தான் என்றார் அவர். இஞ்சின் வேறு பகுதியில் முன்னாலேயே தயாராகிவிடுமாம், அதில் குறை சொல்ல முடியாதாம். அதோடு விட்டிருக்கலாம். போன வருஷம் வேலை மந்தமாக இருந்தபோது வந்த வண்டிகளிலும் இதே கதவுத் தொல்லை உண்டு என்றார். அப்படியானால் நிதானமாகச் செய்தாலும் இதே லட்சணமா என்று இவர் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் இரண்டாவது காப்பி வேண்டாமென்று பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

எனக்கென்னவோ நம்பிக்கை வந்தது. கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினாலே மூடுகிறது.

ஏப்ரல் 17, வியாழன்

போச்சு.

முன் பம்பரில் துரு. பொட்டுப் பொட்டாக. சக்கரத்து மூடியிலும், கதவுக்கு அடியிலும். இவர்தான் பார்த்தார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மாசம் திரும்பல, அதுக்குள்ள பாரு. முலாம்கூட ஒழுங்கா பூசல" என்றார். அண்ணாச்சி வந்து பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சண்முகம் வண்டியை மதுரைக்குத் திருப்பி ஓட்டிப் போகிறான். முடிவு. நானும் எதிர்த்துப் பேசவில்லை. துரு கண்ணுக்குத் தெரிகிறதே, என்ன சொல்ல? அடுப்படியில் போய் அழுதேன். நாற்பது வயதில் ஒரு காருக்காக அழுகிறேன். அழுதால் என்ன.

ஏப்ரல் 19, சனி

காற்று திரும்பிவிட்டது, கொஞ்சம் இதம். துணி துவைத்தேன். வண்டியில் என் ஜெபமாலை கிடந்தது, எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். பானட்டில் கை வைத்தேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது. தூசி என்று நினைத்து, என்ன தோன்றியதோ, நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் கூரை வரைக்கும் உப்பு. நடுவில் நம் புது வண்டி. பிறந்ததிலிருந்து உப்பிலேயே புழங்குகிற மனுஷருக்கு உப்பு கண்ணில் படவில்லை. எனக்கு மட்டும் முதலிலேயே பட்டதாக்கும்.

நேராகச் சொன்னால் ரோஷம் வரும். சாப்பிடும்போது சும்மா கேட்டு வைத்தேன், கொட்டகைக்கு ஏன் விலை கூடின பித்தளைப் பூட்டு, இரும்புப் பூட்டு போதாதா என்று.

"அங்கன இரும்பு எத்தன நாளைக்கு நிக்கும்? உப்புக் காத்து அரிச்சிரும்லா" என்றார்.

சொல்லிவிட்டு, சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் ரசம் ஊற்றினேன். வேண்டுமென்றேதான் கேட்டாயா என்றார். பூட்டைப் பற்றித்தான் கேட்டேன் என்றேன். இந்தப் பொய்யைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? சொல்லலாம். அடுத்த வருஷம்.

சாயங்காலமே வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. நல்ல தண்ணீர் விட்டு இவரே கழுவினார். பிள்ளைகள் கீறினால் கீறட்டும் என்றார். அண்ணாச்சி எட்டிப் பார்த்துக் கேட்டதற்கு, "பம்பர் கிடக்கட்டும் அண்ணாச்சி, இஞ்சின் நல்ல இஞ்சின்" என்று பதில். மெக்கானிக் சொன்ன அதே சங்கதி!

ஏப்ரல் 21, திங்கள்

வெயில் ஏறுமுன் இவர் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிற நம் பக்கத்துப் புதுக்கோட்டை வரை போய்வரலாம் என்றார். யார் ஓட்ட என்று கேட்டேன். இவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சண்முகம் என் பக்கத்தில்.

தெருமுனையில் ஒரு தடவை நின்றது. ரயில்வே கேட்டில் ஒரு தடவை. அப்புறம் நிற்கவே இல்லை. திருநெல்வேலி ரோட்டில் காற்று முகத்தில் அடித்தது, சேலை முந்தானை படபடவென்று. பின்னாலிருந்து மெதுவா, மெதுவா என்று ஒரே ஜெபம். சத்தம் எதுவும் கேட்கிறதா என்று கேட்டேன். "வண்டியில இல்ல. என் நெஞ்சுலதான்" என்றார்.

புதுக்கோட்டை வந்தது. திருப்பு என்றார். அப்போதுதான் தெரிந்தது, முன்னே போக மட்டும்தான் பழகியிருக்கிறேன், வந்த வழியே திருப்பப் பழகவில்லை. உப்பளத்துப் பாதையில் திருப்ப இடம் குறுகல், அங்கே தினமும் சண்முகம்தான் திருப்புவான். சொன்னேன். நான் திருப்புதேன்க்கா என்று அவன் இறங்கப் போனான்.

"ஏலே, நீ சும்மா இரி" என்றார் இவர். "அவ போற வரைக்கும் போட்டும். திருநேலியில காப்பி குடிச்சிக்கிடுவோம்."