கரையில் நிற்கப் பழகுதல்

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்றும் அம்மாவோடு சண்டை. ரொட்டி கருகியதில் தொடங்கி என் எதிர்காலத்தில் போய் முடிந்தது. எங்கள் வீட்டில் எல்லாச் சண்டையும் அங்கேதான் போய் முடிகிறது.

"கரையில நின்னு கையை ஆட்டு, காலை ஆட்டுன்னு கத்துறதுக்கு ஒரு படிப்பு! அதுக்கு ஒரு சர்டிபிகேட்டு! இதுக்காகப் பயாலஜியை விட்டுட்டு வந்து நிக்கிறா, மகராசி."

பள்ளியின் கடைசி இரண்டு வருடமான சிக்ஸ்த் ஃபார்மில் நான் பயாலஜியை விட்டுவிட்டு விளையாட்டுப் பயிற்சியாளர் படிப்புக்கு மாறி ஒரு வருடம் ஆகப்போகிறது. அம்மா அதை இன்னும் நேற்று நடந்ததுபோலவே பேசுகிறாள். நீச்சல் குள மேலாளர் கிரேக் வாக்குக் கொடுத்திருக்கிறாரே என்றேன். நீச்சல் ஆசிரியர் சான்றிதழ் கையில் இருந்தால் செப்டம்பரில் எனக்கு அங்கே வேலை.

"இல்லைன்னா?"

இல்லையென்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் ஊர் கிரிம்ஸ்பியில் பாதிப் பேர் போகிற அதே மீன் ஆலை. அம்மா நிற்கும் அதே வரிசையில், அதே வெள்ளை பூட்ஸ். சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாளாம். என்னைக் கேட்காமலே!

 மார்ச் 16 அன்று செய்முறைத் தேர்வு.

பிப்ரவரி 10, சனி

எனக்கு ஆறு பேரைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் ஆறேழு வயது. தேர்விலும் இதே ஆறு பேர்தான். அதில் மைஸி என்று ஒருத்தி. முகத்தைத் தண்ணீரில் வைக்கவே மாட்டேன் என்கிறாள். முழங்கால் ஆழத்தில் படியில் உட்கார்ந்துகொண்டு என்னை ஒரு நீதிபதி மாதிரி பார்க்கிறாள். "நீங்க முதல்ல பண்ணிக் காட்டுங்க, மிஸ்" என்றாள்.

இதில்தான் வினையே. தண்ணீரில் இறங்கச் சொன்னால் நான் எதையும் செய்து காட்டுவேன். ஏழு வருடம் மாவட்ட அணிக்கு நீந்தியவள். ஆனால் ஆசிரியர் இறங்கக் கூடாது. எல்லாவற்றையும் கரையிலிருந்தே காட்ட வேண்டும். அதனால் உடுப்போடு பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு தவளைக்கால் அடித்துக் காட்டினேன். மேலே கேலரியில் பெற்றோர் எல்லாம் சிரித்தார்கள். காது வரைக்கும் சூடாகிவிட்டது.

எங்களுக்குப் பாடம் எடுப்பதும் தேர்வு வைப்பதும் மார்லீன்தான். குரலை உயர்த்தவே மாட்டார். அதுவே பயமாக இருக்கிறது. "டெஸ், நீ இன்னும் நீச்சல்காரி மாதிரி நிக்கிற" என்றார். அப்படியென்றால் என்ன அர்த்தம்? 

பிப்ரவரி 24, சனி

டெமியை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. என் வகுப்புத் தோழிதான், இதே சான்றிதழுக்குத்தான் அவளும் படிக்கிறாள், நல்லவள்தான். ஆனால் அவளுக்கு நீச்சலே சரியாக வராது! ஒரு நீளம் கடப்பதற்குள் குளத்துத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிடுவாள். அவளோ கரையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே பிள்ளைகளை ஆட்டி வைக்கிறாள். எல்லோரும் அவள் சொன்னபடி கேட்கிறார்கள். மார்லீன் இன்று அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். என்னைப் பார்த்து அசைக்கவில்லை.

"அடியே, எனக்குத் தண்ணின்னா பயம்டி. அதான் கண்ணை எடுக்காம பாக்கிறேன்" என்கிறாள் டெமி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 2, சனி

மைஸி தண்ணீரில் குமிழி ஊதினாள்!! மூக்கு வரைக்கும்தான். பரவாயில்லை. வெளியே வந்து, "என் மூக்கு செத்துடுச்சு, மிஸ்" என்றாள். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். இந்த வேலை எனக்கு வேண்டும். சும்மா ஆலைக்குப் போகாமல் தப்பிப்பதற்காக இல்லை. இதுவே வேண்டும்.

அது இன்னும் மோசம். வேண்டும் என்று தெரிந்த பிறகு பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

மார்ச் 15, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. நகம் எல்லாம் போச்சு.

மார்ச் 16, சனி

தேர்ச்சி இல்லை.

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன். வகுப்பு நன்றாகத்தான் போனது. ஆறு பேரும் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே உதைத்து வந்தார்கள். நடுவில் மைஸி பலகையை விட்டுவிட்டாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், இருமினாள், கண்கள் பெரிதாகின. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த நொடி நான் தண்ணீரில் இருந்தேன். டி-ஷர்ட், காற்சட்டை, விசில் எல்லாவற்றோடும். அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கேலரியில் கைதட்டினார்கள். மைஸியின் அம்மா ஓடி வந்து, சொட்டச் சொட்ட நின்ற என்னைக் கட்டிப்பிடித்து, "தெய்வம்மா நீ" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன். பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு மார்லீன் என்னைத் தனியே கூப்பிட்டார். துண்டைக் கொடுத்தார். "மைஸி நின்ன இடத்துல தண்ணி எது வரைக்கும் இருந்துச்சு?" என்றார்.

"அவ நெஞ்சு வரைக்கும்."

"சரி. மிச்ச அஞ்சு பேரும் அப்ப எங்க இருந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவே தெரியவில்லை! அந்த ஐந்து பேரில் ஆர்லோ என்ற பையன் கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஆழப் பக்கம் போய்விட்டானாம். மார்லீன்தான் விசில் அடித்து, உயிர்காப்பாளரைக் கூப்பிட்டு, அவனைக் கம்பு நீட்டி இழுத்திருக்கிறார். கைதட்டல் சத்தத்தில் எனக்கு அந்த விசில்கூடக் கேட்கவில்லை.

"உள்ள குதிச்சவுடனே உனக்கு ஒரு குழந்தைதான், டெஸ். கரையில நின்னா ஆறு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

டெமி தேறிவிட்டாள்.

மார்ச் 17, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிப்பாள் என்று பார்த்தால், கையில் இருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டாள்.

"குழந்தை தண்ணி குடிக்குது, குதிக்காம பின்ன வேடிக்கையா பாப்பாங்க? அந்தப் பொம்பளைக்கு மூளை கீளை இருக்கா? நாளைக்கே வரேன். வந்து நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கிறேன்!"

"வேணாம்மா."

"என்ன வேணாம்? என் பொண்ணு ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கா!"

நான் யாரையும் காப்பாற்றவில்லை, அம்மா. மைஸி காலை ஊன்றியிருந்தால் நின்றிருப்பாள். ஆர்லோவைத்தான் நான் சாகவிடப் பார்த்தேன். இதை அவளிடம் சொல்ல முடியவில்லை. அவள் என் பக்கம் நின்று சண்டை போட்டதே வெகு நாளைக்குப் பிறகு இன்றுதான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. நான் தேறிவிடுவேன் என்று வாங்கி வைத்திருந்த கேக்கை வெட்டிக் கொடுத்தாள். தின்றேன்.

மார்ச் 19, செவ்வாய்

மறுதேர்வு மே 11. அதுதான் கடைசி வாய்ப்பு. கிரேக் அதுவரை காத்திருப்பாராம். அதற்கு மேல் முடியாது என்று நல்லவிதமாகச் சொன்னார். நல்லவிதமாகச் சொன்னால் மட்டும் வலிக்காதா?

ஏப்ரல் 6, சனி

சனிக்கிழமைகளில் மார்லீன் வகுப்புக்கு உதவியாளராக நிற்கிறேன். குளத்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டித் திரும்பினேனா என்று டெமி என்னை உளவு பார்க்கிறாள். திரும்பினால் "பின்னாடி!" என்று கத்துவாள். இன்று மூன்று தடவை. மிதவை எடுக்கத் திரும்புகிறேன், ஒரு பிள்ளையோடு பேசத் திரும்புகிறேன், எனக்கே தெரியாமல் திரும்புகிறேன். நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நடக்கச் சொல்கிறாள். நடக்கிறேன். என் பிழைப்பு இப்படி ஆகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. யாராவது இருமினால் போதும், என் குதிகால் தானாகத் தரையிலிருந்து எழும்புகிறது. பந்தயத்தில் மேடை மேல் நிற்கும்போது எழும்புமே, அதே மாதிரி. ஏழு வருடப் பழக்கத்தை எப்படி விடுவது? யாரிடம் கேட்பது?

ஏப்ரல் 20, சனி

மைஸி இன்று தலையை முழுசாக உள்ளே விட்டாள். எழுந்து வந்தவள் என்னையே தேடினாள். "பாத்தீங்களா மிஸ்? நான் உள்ள போனதைப் பாத்தீங்களா?" பார்த்தேன்டி தங்கம். பார்த்துக்கொண்டே மற்ற ஐந்து பேரையும் பார்த்தேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "நீங்க என்னை மட்டும் பாக்கல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மே 10, வெள்ளி

 அம்மா ஆலையிலிருந்து வந்ததும் என் டி-ஷர்ட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்தாள். நீச்சல் குளத்துக்கு எதற்கு இஸ்திரி?  

மே 11, சனி

மறுபடியும் மைஸிதான். நம்பவே முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் என்ன பொருத்தமோ!

இந்தத் தடவை பலகை இல்லாமல் சுவரிலிருந்து தள்ளி வரும் பாடம். தள்ளினாள், வந்தாள், நடுவில் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினாள், தண்ணீர் வாய்க்குள் போனது. பிறகு தலை உள்ளே போனது. என் குதிகால் எழும்பியது. எழும்பியது, ஆமாம். நான் மண்டியிட்டேன். அதுதான் செய்தேன், மண்டியிட்டுவிட்டால் குதிக்க முடியாது. "எல்லாரும் சுவரைப் பிடி!" என்றேன். ஐந்து கைகள் சுவரில். எண்ணினேன். கம்பை நீட்டினேன். "மைஸி, கம்பைப் பிடி. மைஸி, பிடி."

அவள் மேலே வந்தாள். கம்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள், தூக்கு என்று. நான் தூக்கவில்லை. கம்பையே அவள் கையில் முட்டக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். இழுத்துக் கரை சேர்த்தேன். ஐந்து பேரும் சுவரிலேயே இருந்தார்கள். அப்போதும் நான் அவர்களிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கேலரியில் யாரும் கைதட்டவில்லை. மைஸியின் அம்மா செருப்புக் காலோடு குளத்துப் பக்கம் ஓடி வந்தாள். "என் குழந்தை மூழ்குது, நீ மரம் மாதிரி குச்சியை நீட்டிக்கிட்டு இருக்கியா? போன தடவை குதிச்சியே, இப்ப என்ன கேடு? பரீட்சைக்காக என் பிள்ளையைத் தவிக்க விடுவியா?"

 நான் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். மைஸி துண்டுக்குள் விக்கி விக்கி அழுதுகொண்டு என்னையே பார்த்தாள் என்று டெமி பிறகு சொன்னாள்.

வகுப்பு முடிந்ததும் மார்லீன் வந்தார். "தேர்ச்சி" என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

மே 12, ஞாயிறு

அம்மாவிடம் முழுவதும் சொன்னேன். ஆர்லோ விஷயத்தையும். கேட்டுக்கொண்டே எல்லாப் பாத்திரத்தையும் கழுவி முடித்தாள்.

"அந்தம்மா இடத்துல நான் இருந்திருந்தா நானும்தான் கத்தியிருப்பேன்" என்றாள் கடைசியில். பிறகு, "சூப்பர்வைசர்கிட்ட நீ வரலன்னு சொல்லிடுறேன்" என்றாள்.

மே 14, செவ்வாய்

மைஸியின் அம்மா புகார் கொடுத்திருக்கிறாள். கிரேக் கூப்பிட்டு அனுப்பினார்.  அவ்வளவுதான், போச்சு, எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

"உட்காரு. மார்லீன் எல்லாம் எழுதிக் குடுத்துட்டாங்க. நீ செஞ்சதுல தப்பு ஒண்ணுமில்ல. செப்டம்பர் வேலை அப்படியேதான் இருக்கு" என்றார். "ஆனா அந்தம்மா கேக்க மாட்டேங்கிறாங்க. மகளை உன் வகுப்புல விட மாட்டாங்களாம். டெமிகிட்ட மாத்திட்டேன்."

சரி என்றேன்.  வெளியே வந்தால் சைக்கிள் பூட்டைத் திறக்க வரவில்லை. தப்பான சாவியைப் போட்டுத் திருப்பிக்கொண்டே நின்றேன்.

ஜூன் 20, வியாழன்

பள்ளியின் கடைசிப் பரீட்சையும் முடிந்தது. எல்லோரும் பல்கலைக்கழகம் பற்றிப் பேசுகிறார்கள். "நீ எங்க?" என்று கேட்டால் "நீச்சல் குளம்" என்கிறேன். "ஓ" என்கிறார்கள். அந்த "ஓ" எத்தனை நீளம்!

செப்டம்பர் 7, சனி

முதல் வகுப்பு. சம்பளத்துக்கு. பெயர் எழுதிய டி-ஷர்ட். ஆறு புது முகங்கள். பயம் அதே மாதிரிதான் இருந்தது. இது போகாது போலிருக்கிறது. போகக் கூடாது என்கிறாள் டெமி.

பக்கத்து லேனில் டெமி, அவள் வரிசையில் மைஸி. என்னைப் பார்த்து "ஹாய் மிஸ்" என்றாளா, இல்லையா என்று சரியாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 28, சனி

இன்று வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்து லேனில் ஒரே ஆரவாரம். கேலரியில் கைதட்டல், யாரோ விசில்கூட அடித்தார்கள். என் ஆறு பேரில் ஒருவன் பலகையை விட்டுவிட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தான். இன்னொருத்தி கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை.

உடை மாற்றும் அறையில் டெமி ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தியாடி? மைஸி அந்தச் சுவர்ல இருந்து இந்தச் சுவர் வரைக்கும் வந்துட்டா! பலகை இல்லாம, தனியா! பாத்தியா?"

"இல்ல" என்றேன்.

டெமி என் தோளிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மைஸி எப்படித் தள்ளினாள், எங்கே மூச்சு வாங்கினாள், எந்தக் கையால் சுவரைத் தொட்டாள் என்று முதலிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள்.