எண்ணெய் பூசிய தோட்டாக்கள்

அண்ணா,

இத்தனை வருடம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் நான்.

இன்று ஆயுத பூஜை. இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஷட்டருக்கு மெஷின் ஆயில் விட்டார்கள். அந்த வாசனை வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஸ்ரீராம்புரத்து அடகுக் கடையில் நீங்கள் காவலுக்கு இருந்தீர்கள். நான் ரசீது எழுதினேன். நீங்கள் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பில் சொந்த லைசென்ஸில் வாங்கிய ரிவால்வர். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு 'கிராஜுவேட்டு' என்றே பெயர். ஒரு ஆயுத பூஜையன்று, யாரோ பிரவுசிங் சென்டரில் எடுத்துக் கொடுத்த ஆங்கிலத் தாள்களை என் மேஜையில் வைத்தீர்கள்.

"கிராஜுவேட்டு, இத படிச்சு சொல்லும்மா. நம்ம பாயின்ட் முப்பத்திரண்டு ரிவால்வர் நல்லதா, பட்டாளத்து நைன் எம்.எம். துப்பாக்கி நல்லதானு போட்டிருக்கானாம்."

படித்தேன். நைன் எம்.எம்.முக்கு வேகமும் பலமும் அதிகம். முப்பத்திரண்டின் அடி மெலிசு. ஆனால் கை அதிகம் உதறாது, குறி வைப்பது சுலபம். முனை விரியும் தோட்டா பெரும்பாலும் உடம்போடு நின்றுவிடும். உருண்டை முனை துளைத்துப் போய்ப் பின்னால் நிற்பவர்மேல் படலாம்.

"அப்போ உம்முது கொசு அடிக்கத்தான் ஆகும்," என்றார் முதலாளி.

"நைன் எம்.எம்.முக்கு நமக்கு எவன் சார் லைசென்ஸ் குடுப்பான்? கொசுவும் கடிக்கிற எடத்துல கடிச்சா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசித் தாளில், எந்த அளவுத் தோட்டாவானாலும் முதலில் அது வெடிக்க வேண்டும் என்று இருந்தது. எண்ணெய் பட்டால் அது தோட்டாவின் பின்பக்க இடுக்கில் இறங்கி வெடிமருந்து செத்துவிடுமாம். பழையவற்றை மாற்றிவிட வேண்டுமாம். அந்த நேரம் உங்கள் ஆறு தோட்டாக்களும் சாமி படத்துக்கு முன் வாழையிலையில் இருந்தன. வருடா வருடம் செய்வதுபோல் மெஷின் ஆயில் போட்டுப் பளபளவென்று துடைத்து, குங்குமம் வைத்திருந்தீர்கள்.

பூஜையில் இருப்பதைத் தப்பு என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? படித்த திமிர் என்பார்களே. "அவ்வளவுதான் அண்ணா," என்று அந்தத் தாளை மட்டும் என் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் தனியாகச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை.

தை மாதம் ஒரு மத்தியானம் கத்தியோடு இருவர் கடைக்குள் வந்தார்கள். நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். 'டிக்' என்று கேட்டது. மறுபடியும் 'டிக்'. பிறகு நீங்கள் விழுந்தீர்கள்.

"மிலிட்டரிக்காரன், கையில துப்பாக்கி வெச்சிக்கினு சும்மா நின்னானாம்," என்று தெருவில் பேசினார்கள். காரியத்துக்கு வந்த உங்கள் தம்பியே பேசினார். போலீஸ் எடுத்துப்போன ரிவால்வரைப் பற்றி வீட்டுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு ஏன் பயந்துட்டாரு? நீ பாத்தியா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அந்த 'டிக்' சத்தத்தைச் சொன்னால் அந்தத் தாளையும் சொல்ல வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்க்கப் போகிறேன். நீங்கள் இரண்டு முறை விசையை இழுத்தீர்கள் என்று சொல்வேன். நான் படித்ததையும் மறைத்ததையும் சொல்வேன். அவர் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

ஆனால் எண்ணெய் பூசியது உங்கள் கைதான் என்பதையும் சொல்லாமல் முடியாது. பட்டாளத்துக்காரனுக்கு இதுகூடத் தெரியாதா என்று இன்னொரு முறை தெரு சிரிக்கும். பட்டாளத்தில் தோட்டாவைக் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், வருடக்கணக்கில் வைத்துக் காக்க யாரும் கற்றுத்தரவில்லை என்பதெல்லாம் அவர்கள் காதில் ஏறாது.

பயந்தவர் என்பதைவிடத் தெரியாதவர் என்பது பரவாயில்லையா, அண்ணா? உங்களைக் கேட்காமல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல அனுமதி கொடுங்கள்.