டிவியில் உன் ஆளு

உன் ஆளைப் பற்றி டிவியில் படம் போட்டார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதற்கு முன்னாலிருந்தே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிறந்த ஊர், சினிமாவில் பாடக் கிடைத்த முதல் வாய்ப்பு, கல்யாணம், வாங்கிய விருதுகள் எல்லாவற்றையும் சேர்த்து டிவிக்கென்றே எடுத்த படமாம். யாரோ ஒரு புதுப் பையன் அவராக நடித்திருந்தான். விளம்பரத்தில் அந்தப் பையன் மைக் முன்னால் நின்று, இடது உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினான். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அது அவருடைய வழக்கம் என்பதும், நீ அவரைப் பார்த்துப் பழகிக்கொண்டாய் என்பதும் எனக்குத் தெரியாதா? தெரிந்தும் என்ன, எனக்கு அது உன் கைதான்.

நம் மெல்லிசைக் குழுவுக்குள் பேசிக்கொள்ளும்போது அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. "உன் ஆளு புதுப் பாட்டு பாடிக்கிறாரு, கேட்டியா?" என்றுதான் உன்னிடம் கேட்போம். குரலுக்கு ஒருவன் என்பது எல்லாக் குழுவுக்கும் உள்ள சட்டம். ஒரு பாடகரின் குரல் ஒருவனுக்கு என்று ஆகிவிட்டால் மற்றவன் அவர் பாட்டைத் தொட மாட்டான். உன் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் பெயருக்கு முன்னால் 'காஞ்சி' என்று சேர்த்துத்தான் அறிவிப்பாளனான நான் மேடையில் உன்னை அழைப்பேன், ஊரும் அதையே சொன்னது. நீ இறந்துபோன அன்று உன் சொந்த ஊர் கூரத்திலிருந்து வந்த பங்காளிகள் தெருவில் உன் நிஜப் பெயரைச் சொல்லி வீடு கேட்டிருக்கிறார்கள். அப்படி யாரும் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

நீ அந்தக் குரலை வைத்துப் பிழைத்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் நீ சேல்ஸ்மேன், நான் பில் போடுகிறவன். முகூர்த்தப் புடவை எடுக்க வேன் பேசிக்கொண்டு கூட்டமாக வருவார்கள். பெண்ணின் அத்தைக்கு எதுவுமே பிடிக்காது. நீ வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து புடவையை விசிறிப் போட்டுக்கொண்டே வாய்க்குள் ஒரு பல்லவியை எடுப்பாய். யாராவது ஒரு பெண், "ரேடியோ எங்க பாடுது?" என்று திரும்பிப் பார்ப்பாள். அதற்காகத்தான் நீ காத்திருப்பாய். முந்தானையைக் காட்டிக்கொண்டே, "ரிசப்ஷனுக்குக் கச்சேரி சொல்லிட்டீங்களாம்மா?" என்பாய். புடவை பில்லுக்கு வரும்போது கல்யாணத் தேதியும் கூடவே என் காலண்டருக்கு வந்துவிடும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

"இன்னாபா, நான் புடவைக் கடை வச்சிக்கினு இருக்கறனா, பாட்டுக் கடை வச்சிக்கினு இருக்கறனா?"

"புடவை எடுத்தவங்களுக்குத்தான் முதலாளி பாடறேன். வெளியாளுக்குப் பாடறதில்ல," என்று நீ கூசாமல் சொல்வாய். அதற்கு மேல் அவரால் கோபப்பட முடியாது.

ஏனாத்தூரில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா பந்தியிலிருந்து எழுந்து வந்து, "கேசட்ட நிறுத்துங்கப்பா, பாட்டுக்காரங்கள பாட சொல்லுங்க. துட்டு குடுத்துக்கிறோம் இல்ல?" என்று என்னிடம் சத்தம் போட்டாரே. நீ அப்போது சரணத்தில் இருந்தாய். பாடுவதை நிறுத்தி அவரைப் பார்த்துக் கும்பிட்டாய். மனுஷர் வாயில் வெற்றிலையோடு திகைத்து நின்றார். உனக்குக் கிடைத்த விருது அதுதான். ஒரு வருஷம் பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

படம் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் உன் நிர்மலா போன் செய்தாள். "அண்ணா, எங்க வீட்டு டிவி சரியா தெரியமாட்டேங்குது. அங்க வந்து பாக்கட்டா?" என்றாள். வா தங்கச்சி, இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்றேன். பிறகு, "போட்டோ நெறைய இருக்குதுண்ணா. கொரல் தான் இல்ல. அவர் பாட்டக் கேட்டா இவர கேட்ட மாதிரி இருக்கும்," என்றாள். உன் மனைவி இத்தனை வருஷத்தில் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டது இதைத்தான்.

எனக்கும் அதே ஏக்கம் உண்டு என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. நீ போனபோது நம் யாரிடமும் குரலைப் பிடித்துவைக்கிற போன் இல்லை, டேப்பில் எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவும் இல்லை. நாம் பாடிய கல்யாணங்களின் வீடியோ கேசட்டுகளை எத்தனை வீட்டில் கேட்டு வாங்கிப் பார்த்தேன் தெரியுமா? சின்ன காஞ்சிபுரம், ஐயம்பேட்டை, வாலாஜாபாத் வரைக்கும் அலைந்தேன். எல்லாவற்றிலும் நீ இருக்கிறாய். காதைப் பொத்துகிறாய், கண்ணை மூடுகிறாய், வாய் அசைகிறது. குரல் மட்டும் அவருடையது. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் அத்தனை பேரும் கச்சேரிச் சத்தத்தை எடுத்துவிட்டு, அதே பாட்டின் சினிமா ரெக்கார்டைப் பொருத்தி ஒட்டியிருக்கிறார்கள்.

என் கல்யாண வீடியோவுக்கும் அதே கதிதான். கேசட் வந்த அன்றைக்கு முதல் பாட்டிலேயே நிறுத்திவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். நீயும் கூட வந்தாய். அவன், "கச்சேரி ஆடியோ ஒரே இரைச்சல்ணா. ஒரிஜினல் போட்டுக்கிறேன், எவ்ளோ கிளியரா இருக்குது பாருங்க," என்றான். நான் அவன் சட்டையைப் பிடிக்காத குறை. நீ சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டி, "விடுபா, நல்லாத்தானே போட்டுக்கிறான். ஒரிஜினல் ஒரிஜினல்தான்," என்றாய். எனக்கு உன் மேலேயே கோபம் வந்தது.

அந்தக் கோபம் புதிதில்லை. உன் ஆளு நம் கடைக்கே வந்தாரே, அன்றைக்கும் வந்தது. வரதராஜர் கோயிலில் சேவித்துவிட்டு, மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். தெருவே கடை வாசலில் நின்றது. முதலாளி வேறு யாரையும் விடாமல் உன்னைத்தான் அவர் எதிரில் உட்கார வைத்தார். நீ அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு நீ பல்லவி எதையும் எடுக்கவில்லை. முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "சார், இவரு உங்க பாட்டுதான் சார் ஊரெல்லாம் பாடிக்கினு இருக்காரு," என்று சொல்லிவிட்டார். அவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்து, "அப்படியா? ஒண்ணு பாடுங்களேன்," என்றார். நல்ல மனிதர், மரியாதைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

நீ, "மொதலாளி சும்மா வெளையாடறாரு சார். எனக்குப் பாட்டெல்லாம் வராது," என்று சொல்லிவிட்டு அடுத்த புடவையைப் பிரித்தாய்.

அன்று முழுக்க நான் உன்னிடம் பேசவில்லை. கடை மூடும்போது நீயாக வந்து சொன்னாய். "அவரு இல்லாத எடத்துலதான்பா நான் அவரு. அவரு எதிர்ல பாடுனா அது நக்கல் பண்ற மாதிரி ஆயிடும்." அப்போது எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான் படுகிறது. மீதிப் பாதிக்கு நீ சொன்னதுதான் சரி என்று படுகிறது.

படத்துக்கு வருகிறேன். நிர்மலா நேரத்தோடு வந்துவிட்டாள். தலைக்குக் குளித்து, பூ வைக்காத கூந்தலை முடிந்துகொண்டு, கோயிலுக்குக் கிளம்பியவள்போல வந்தாள். என் வீட்டம்மா முறுக்குத் தட்டை நடுவில் வைத்தாள். யாரும் தொடவில்லை. படம் நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். சின்ன வயதுக் கஷ்டம், குரல் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய இசையமைப்பாளர், பிறகு அவரே தேடி வந்து கூப்பிடுவது எல்லாம் இருந்தது. நீ இருந்திருந்தால், இந்தப் பாட்டு அந்த வருஷம் வரவில்லை, சட்டையின் காலர் அப்போது இவ்வளவு நீளம் இல்லை என்று குறை சொல்லியே எங்களைப் பார்க்க விட்டிருக்க மாட்டாய்.

நடுவில் அவர் காஞ்சிபுரத்தில் மகளுக்குப் புடவை எடுக்கிற காட்சி வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏதோ செட் போட்ட கடை. சேல்ஸ்மேன் நின்றுகொண்டே புடவை காட்டுகிறான், பட்டுப் புடவையைக் கைலியை உதறுவதுபோல உதறுகிறான். அவன் முகத்தைக் காட்டவே இல்லை, இரண்டு கை மட்டும் தெரிகிறது. அவர் வாழ்க்கையில் நீ வந்துபோனது அவ்வளவுதான். உன் வாழ்க்கையில் அவர் எத்தனை பெரிய இடம் என்பதை யாரும் படமாக எடுக்கப்போவதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பாட்டு வரும்போதெல்லாம் நிர்மலா கண்ணை மூடிக்கொண்டாள். திரையில் அந்தப் பையன் வாயசைக்க, பழைய ரெக்கார்டு அவர் குரலில் ஓடியது. நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். நீ எப்போதும் கடைசியாகப் பாடுகிற பாட்டும் வந்தது, ஜனங்கள் ஒன்ஸ் மோர் கேட்கிற பாட்டு. அது முடிந்ததும் நிர்மலா கண்ணைத் திறந்தாள்.

"இது இவர் இல்லண்ணா," என்றாள்.

"அச்சு அசல்னு ஊரே சொல்லுமே, தங்கச்சி."

"ஊரு சொல்லும். நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு வந்தேன். ஒரு பாட்டுல கூட இவர் இல்ல." அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்ப எழுந்தாள். அவளை அப்படி வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கொடுக்க என்னிடமும் எதுவும் இல்லை. எனக்கும் அதே ஏமாற்றம்தான்.

அப்போதுதான் என் வீட்டம்மா முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டே, "நம்ம கல்யாண வீடியோல இவங்க வீட்டுக்காரரு பேசுவாரே. நீங்கதான் அதப் பாக்கவே மாட்டீங்களே," என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டு எல்லாம் மாற்றிவிட்டானே என்றேன். "பாட்ட மாத்திட்டான். பேச்சுக்கு ரெக்கார்டு எங்க கெடைக்கும் அவனுக்கு?" என்றாள்.

எங்கள் மகள் போன வருஷம் அந்தக் கேசட்டைச் சென்னையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வந்திருந்தாள். அது அலமாரியில் கிடந்தது. எடுத்து டிவியில் செருகினோம். தாலி கட்டியதை ஓட்டிவிட்டோம். ரிசப்ஷன் வந்தது. மேடையில் கோட்டு போட்டுக்கொண்டு ஒல்லியாக நான். கீழே நம் குழு. அந்த ஒரு மாலையில்தான் குழுவுக்கு அறிவிப்பாளர் இல்லை, ஏனென்றால் அறிவிப்பாளன் மாப்பிள்ளையாகிவிட்டான். மைக்கில் ஒரு வணக்கம் சொல்லக்கூட எப்போதும் என்னைக் கைகாட்டுகிற நீ, வேறு வழியில்லாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். பாட்டு முடிகிறது, அவர் குரல் சட்டென்று அறுபடுகிறது. ஃபேன் இரைச்சல், குழந்தை அழுகை, நாற்காலி இழுக்கிற சத்தம். அதற்கு நடுவில் நீ தொண்டையைச் செருமினாய்.

"எல்லாருக்கும் வணக்கங்க. எப்பவும் பேசற ஆளு இன்னிக்கு மேல நின்னுக்கினு இருக்கறான். எனக்குப் பேச வராது. காலையிலர்ந்து அவன் ஒண்ணியும் சாப்புடல, மூஞ்சப் பாத்தாலே தெரியுது. யாராச்சும் மாப்பிள்ளைக்கு ஒரு காபி குடுங்கப்பா."

கொஞ்சம் கரகரப்பு, சொல்லின் கடைசியில் கூரத்து இழுவை, பாதியில் வருகிற சிரிப்பு. உன் ஆளின் குரலில் இது எதுவும் கிடையாது. நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதான், இதான்," என்றாள். "இன்னொரு தரம் போடுங்கண்ணா." போட்டேன். அவள் கேட்கக் கேட்கப் போட்டுக்கொண்டே இருந்தேன். போகும்போது அதை மட்டும் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

அன்றைக்குக் காபி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. விளக்குச் சூட்டில் மயக்கம் வருகிற நேரத்தில் யாரோ டம்ளரை நீட்டினார்கள். மைக்கில் நீ சொன்னது அந்தக் கூச்சலில் என் காதில் விழவே இல்லை. பெண் வீட்டாரின் கவனிப்பு என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன் நீ என்று தெரிந்தபோது, உனக்கு நன்றி சொல்ல நீ இல்லை. வயதான காலத்தில் ஒரு டம்ளர் காபிக்காக இப்படி அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

குழு எப்போதோ கலைந்துவிட்டது. நான் மைக் பிடித்தும் வெகுகாலம் ஆகிறது. ஆனால் இப்போதெல்லாம் எந்த ரிசப்ஷனுக்குப் போனாலும் கவரைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, கீழே இறங்குவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் காதருகில் குனிந்து, "இன்னாபா, ஏதாச்சும் சாப்டியா?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் தலையாட்டுகிறார்கள். போன முகூர்த்தத்தில் ஒரு பையன் சிரித்துவிட்டு, "தேங்க்ஸ் அங்கிள், நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க," என்றான். நான் கேட்டது என் குரலில் இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?