அடுப்படி விளக்கின் சுவிட்ச்

ஏனுங்க,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. களி சட்டியில் இருக்கிறது. குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுக் கண்ணாயியிடம் கொடுங்கள்.

நேற்று அடுப்படி விளக்கைப் போடப் போய் பாத்ரூம் விளக்கை அணைத்துவிட்டேன். குளித்துக்கொண்டிருந்த உங்கள் அண்ணன் கத்தினார். உடனே எல்லோர் முன்னாலும், "எழுதி ஒட்டியிருக்குதில்ல, படிக்கத் தெரியாதா?" என்றீர்கள். ஒயர் மிச்சமென்று வீட்டு சுவிட்ச் அத்தனையையும் கூடத்தில் ஒரே பலகையில் வரிசையாக அடித்தது நானா? பழைய வீட்டில் அடுப்படி வாசலில் கை வைத்தால் விளக்கு எரிந்தது. அங்கே யார் எழுதி ஒட்டினார்கள்? இங்கே விளக்கைப் போட உங்கள் சீட்டைப் படிக்க வேண்டும். பனி இறங்கி நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில், சீட்டைப் படிக்க விளக்கு வேண்டாமா? எலக்ட்ரீசியனுக்கு இதுகூடத் தோன்றாதா?

சாயந்திரம் கரடியூரிலிருந்து என் அம்மா வருகிறார். அதற்குள் அடுப்படி சுவிட்சை அடுப்படி வாசலுக்கு மாற்றுங்கள்.

குழம்பில் உப்பு குறைவு. கோபத்தில் வைத்தது.

இன்னொன்று. மாற்ற முடியாவிட்டால் அம்மா பக்கத்திலேயே இருந்து விளக்கை நீங்களே போட்டுக் கொடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. நேற்று என்னைக் கேட்டதுபோல் அவரையும் கேட்டால், "தெரியாதுங்க மாப்ள" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். எனக்குத்தான் தாங்காது.