ஓடக்காரன் வேஷம்

கரமனை, திருவனந்தபுரம்
கொல்லம் ஆண்டு 1112 தை 13

அன்புள்ள வெங்கடசுப்ரமணியனுக்கு,

பிச்சுமணி எழுதிக்கொண்டது. துக்க வீட்டுக்குப் போகிற கடிதத்தில் க்ஷேமம் விசாரிக்கிற வழக்கமில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வர வேண்டியதுதான். ஆனால் நேராக வருவதற்குத்தான் எனக்கு இரண்டு நாளாகக் கை ஓடவில்லை.

முந்தாநாள் உன் கார்டு ஆபீஸுக்கு வந்தது. அம்மா வியாழக்கிழமை காலை ஏழு மணி வரை உயிரோடு இருந்தாள், கடைசிவரை நினைவு தப்பவில்லை, தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "வந்துட்டானா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று எழுதியிருக்கிறாய். நீ போய்ச் சேர்ந்தது கொள்ளி போடத்தான் என்றும் எழுதியிருக்கிறாய். புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு உன் சித்தப்பா அடித்த தந்தியை ராத்திரி வரை வைத்திருந்தவன் என்று தந்திச் சேவகன் கோமதிநாயகத்தின் மேல் புகார் எழுதி வைத்திருக்கிறாயாம். காரியம் முடிந்ததும் சூப்பிரண்டுக்கு அனுப்பப் போகிறாயாம். கடைசியில், "நீயாவது ஓடிவந்து கொடுத்தாயே, அந்த நன்றியை மறக்க மாட்டேன்" என்று எனக்கு ஒரு வரி. அந்த வரியை மறுபடி படிக்க முடியாமல் கார்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கோமதிநாயகம் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. தந்தி புதன்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு வந்துவிட்டது. அதை வாங்கி வைத்துக்கொண்டவன் நான்.

எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நியாயம் சொல்வதற்காக இல்லை. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நம் சபையில் கோயில் திருவிழா நாடகத்துக்கு ஆள் எடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். எனக்கு அது மூன்றாவது முயற்சி. முன்னே இரண்டு வருஷமும் ஒரு சரணம் முடிவதற்குள்ளேயே பாகவதர் ஆர்மோனியத்தை மூடிவிட்டார். துணைக்கு இருக்கட்டும் என்று உன்னை இழுத்துக்கொண்டு போனேன். நான் பாடப் பாட சுருதி கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. வாசலில் நின்ற நீ என் மேல் இரக்கப்பட்டு மெதுவாகச் சுருதி பிடித்துக் கொடுத்தாய். பாகவதர் என்னை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். "ஓய், அங்கே நிக்கறது ஆராக்கும்? உள்ளே வரச் சொல்லும்" என்றார். ராணி வேஷம் உனக்கு ஆயிற்று. பிச்சுமணிக்கும் ஏதாவது கொடுத்தால்தான் வருவேன் என்று நீ பிடிவாதம் பிடித்ததில் ஓடக்காரன் வேஷம் எனக்கு ஆயிற்று. ஒரு காட்சி, ஒரு பாட்டு. உன் மேல் எனக்குப் பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. நீ வாங்கிக் கொடுத்த வேஷம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

புதன்கிழமை, நாடகத்தன்று, தொண்டைக்கு ஓய்வு வேண்டுமென்று நீ லீவு எடுத்தாய். கோமதிநாயகம் வந்து உன் மேஜை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "சாமி, ஒப்புப் போடுங்கோ. ஒடனே கொடுத்திரணும் கேட்டேளா" என்றான். கையெழுத்துப் போட்டேன், நேரமும் எழுதினேன். பிரித்துப் பார்த்தேன். உடனே புறப்படவும் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நம்மவர்களில் யார் சாவைத் தந்தியில் சாவென்று எழுதுகிறார்கள்? என் அப்பா போனபோது எனக்கு வந்த தந்தியும் இதே மாதிரிதான். உடம்பு முடியாமல் இருந்த உன் அம்மா போய்விட்டாள் என்று நான் தீர்மானித்துவிட்டேன். சந்தேகமே வரவில்லை. ராத்திரிக்குள் உன் ஊர் போய்ச் சேருகிற பன்னிரண்டரை வண்டிக்கு நிறைய நேரம் இருந்தது. ஆனால் சொன்னால் நீ தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டு போய்விடுவாய், கோயில் திருவிழாப் பந்தலில் தீட்டுக்காரன் காலை வைக்க முடியாது, ராணி இல்லாமல் நாடகம் இல்லை. போனவள் போய்விட்டாள், ஒரு சாயங்காலம் பொறுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று நினைத்தேன். காதில் விழும்வரைக்கும் தீட்டு இல்லையே என்று எனக்கு நானே வாத்தியாராகிச் சாஸ்திரமும் சொல்லிக்கொண்டேன். சபையின் மானம், ஊரின் மானம் என்று என்னென்னவோ நினைத்தேன். எல்லாம் பொய். என் விஜயமும் குழந்தைகளும் மத்தியானமே பந்தலில் முன்வரிசையில் பாய் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். என் பாட்டை ஜனங்கள் கேட்க வேண்டும். அதுதான் நிஜம்.

அந்த ஓடக் காட்சியில் நாம் இருவர் மட்டும். மூங்கிலில் துணி கட்டிய ஓடத்தைத் திரைக்குப் பின்னால் நின்று கயிற்றால் இழுத்தார்கள். நான் துடுப்பு வலித்தேன். நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட ராணியாக நீ கரையைப் பார்த்துக்கொண்டு பாடினாய். பெண்கள் பக்கத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. உன் தந்தி என் இடுப்பில், வேட்டி மடிப்பில் இருந்தது. கையை நீட்டினால் நீ எடுத்துக்கொள்ளும் தூரம். நீ முடித்ததும் என் முறை வந்தது. பாடினேன். சுருதி விலகவில்லை, கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்தில் உன் அம்மா வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தாள்.

அப்புறம் நீ தேங்காய் எண்ணெயைத் தடவி முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இப்போதுதான் வந்தது என்று சொல்லித் தந்தியை நீட்டினேன். காலை வண்டிக்குத் தம்பானூர் ஸ்டேஷன் வரை உன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

நேற்று விஜயத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். "பெத்தவள் பிள்ளையைக் கேட்டுண்டு கிடந்திருக்கா. நீங்க ஓடம் வலிச்சிண்டிருந்தேளாக்கும்" என்றாள். அதிலிருந்து இலையில் சாதத்தைப் போட்டுவிட்டு எதிரில் நிற்காமல் போய்விடுகிறாள்.

சபையில் மாசிக்கு இன்னொரு தடவை போட வேண்டும் என்கிறார்கள். நான் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அதை ஒரு பிராயச்சித்தமாக நினைத்து எழுதவில்லை. துடுப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கோமதிநாயகத்துக்கு நாலு பெண்கள். அவன் புத்தகத்தில் என் கையெழுத்தும் நேரமும் இருப்பதால் எப்படியும் தப்பித்துக்கொள்வான். நான் எழுதியது அதற்குப் பயந்துதான் என்று நீ நினைத்தாலும் நினைக்கலாம். அப்படி இல்லை என்று சத்தியம் செய்ய எனக்கே தைரியம் இல்லை. புகாரை என் பெயருக்கு மாற்றி ஆபீஸ் மேலதிகாரிக்கு அனுப்பு. மறுப்புச் சொல்ல மாட்டேன்.

மன்னிக்கும்படி கேட்கவில்லை. நீ திரும்பி வந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்து என்னோடு பேசாமலே இருந்தாலும் சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்தாம் நாளுக்குள் இது உன் கைக்கு வந்துவிடும். அன்று அம்மாவுக்குப் பிண்டம் வைக்கும்போது, பிச்சுமணி என்கிற பாவிதான் என்னை வரவிடாமல் வைத்திருந்தான் என்று வாய்விட்டுச் சொல்லிவிடு. பிள்ளைக்கு வர மனமில்லை என்று அவள் நினைத்துக்கொண்டு போயிருக்கக் கூடாது.

இப்படிக்கு,
பிச்சுமணி