செல்வி காட்ட வந்த கால்

செவ்வாய்க்கிழமை.

எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமா வருது. இருபது வருஷமா தேயிலைத் தோட்டத்து மருத்துவமாதுன்னு பேரு!

போன வாரம் காலையில பேர் பதியிற பெரட்டுல, வேலைக்கு நின்ன அத்தனை பேர் முன்னாடி கொழுந்து பறிக்கிற செல்வியை ஏசினேன். "மூணு வாரமா இரும்பு மாத்திரை குடுக்குறேன், ரத்தம் ஏறல. எங்கடி கொட்டுற?"

"தினமும் முழுங்குறேன் மிஸ்ஸி"ன்னு அழுதா. நம்பல. என் கண் முன்னாடியே ஒண்ணை முழுங்க வச்சேன்.

இன்னைக்கு ஆஸ்பத்திரியில டொக்டர் அவ கால்ல சுத்தியிருந்த துணியைப் பிரிச்சார். தேயிலைக் குச்சி குத்தி, முழங்கால் வரைக்கும் வீங்கி, ஒரே சீழ். "இப்படி இருந்தா உடம்பு இருக்கிற இரும்பையே பூட்டி வச்சுக்கும். மாத்திரை எப்படி வேலை செய்யும்? யாரும் காலைப் பார்க்கலையா?"ன்னார்.

செல்வி நான் ஏசின அன்னைக்கே சேலையைத் தூக்கி அந்தக் காலைத்தான் காட்ட வந்தா. நான்தான் மொதல்ல மாத்திரையை முழுங்குன்னேன்.

ஏசினது பெரட்டுல. மன்னிப்புக் கேக்குறதும் பெரட்டுலதான், அதே அத்தனை பேர் முன்னாடி.